குடியினின்று மீண்டோர்: சாதுவன் முதல் ஒரகடம் வரை

வெள்ளி விழா மலரில் குடியைப் பற்றிய கட்டுரை இடம்பெறுவது பொருந்துமா என்று மலர்க்குழு அன்பர் சிலர் ஐயுற்றனர். விழா நாளில் நம் குறையை நாமே ஊரறியப் பேசுவானேன் என்பது அவர்தம் கருத்து. அக்கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சேரி என்றாலே குடிதான் என்று ஏசி, அந்த ஏச்சையே காரணமாக்கி நமக்குக் கூலியையும் நிலத்தையும் கல்வியையும் மறுத்தவர்கள் பலர். ஆயினும் நாம் ஈண்டு எழுதப் புகுந்தது குடியின் வரலாறு அன்று. குடியினின்று மீண்டவர்களின் வரலாறு. அது நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று என்பது நம் துணிபு.

முதலில் அந்த ஏச்சுக்கு ஒரு விடை கூறி அப்பால் செல்வோம். நம் மாவட்டத் தலைநகராகிய காஞ்சியில் ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். அதில் கள்வெறியில் காஞ்சி வீதிகளில் தள்ளாடி வருபவன் ஒரு காபாலிகத் துறவி. காணாமற்போன தன் கபாலத்தைப் பௌத்தப் பிக்கு ஒருவர் திருடிவிட்டதாக அவன் பூசலிடுகிறான். கடைசியில் பார்த்தால் அதைக் கவ்விச் சென்றது ஒரு நாய். அந்தப் பிக்குவுக்கும் மதுவின்மேல் உள்ளூர ஆசை உண்டு என்று அரசன் கேலி செய்கிறான். குடி எந்த ஒரு தெருவுக்கும் உரிய நோய் அன்று என்பதற்கு அரசன் கையெழுத்திலேயே சான்று இருக்கும்போது, நாம் மட்டும் தலைகுனிவானேன்?

இனி, மீண்டவர்களின் கதை. தமிழில் அக்கதை மணிமேகலையில் தொடங்குகிறது. ஆதிரையின் கணவன் சாதுவன் கணிகை ஒருத்தியின் வீட்டில் கிடந்து, சூதாடிப் பொருளையெல்லாம் தொலைத்தான். இழந்ததை மீட்கக் கடல் வாணிகம் சென்றபோது மரக்கலம் உடைந்தது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு அவன் கரைசேர்ந்த இடம் நாகர் வாழும் மலைப்பக்கம். நாகர் தலைவன் அவனுக்கு விருந்தாக ஒரு பெண்ணையும் கடுங்கள்ளையும் ஊனையும் தரப் பணிக்கிறான். சாதுவன் மறுக்கிறான். இவை இல்லாவிட்டால் வாழ்வில் என்னதான் பயன் என்று தலைவன் வியந்து கேட்க, சாதுவன் நல்வினை தீவினைகளை அவனுக்கு விளங்கும் வண்ணம் எடுத்துரைத்துக் கொலைத்தொழிலை விடச் செய்கிறான். பின்பு ஊர் திரும்பி, ஆதிரையோடு அறம்புரிந்து வாழ்கிறான்.

இக்கதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஆதிரையின் கற்பைப் பேசி முடித்துவிடுவர். நாமும் பல ஆண்டுகள் அவ்வண்ணமே நடத்தினோம். ஆனால் ஊன்றி நோக்கின் இதில் வேறொரு செய்தி உண்டு. நாகர் தலைவனுக்கு அறம் உரைத்தவன் மாசற்ற முனிவன் அல்லன். தீய பழக்கத்தால் தானே அழிந்து, மனைவியைப் பிரிந்து, கடலில் கிடந்து எழுந்தவன். விழுந்து எழுந்த ஒருவனே விழுந்து கிடக்கும் மற்றொருவனுக்குக் கை கொடுக்கத் தக்கவன் என்னும் உண்மையைப் புலவர் சாத்தனார் கதையினுள்ளே வைத்துவிட்டார். இதனை இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கர் இருவர் தாமாகக் கண்டறிந்தனர். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பௌத்தத்தின் ஐந்தாம் சீலம் மயக்கும் மதுவை விலக்குவது. இச்சீலத்தை நம் மக்களிடையே மீண்டும் கொண்டுவந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1845இல் பிறந்த அவர் சித்த மருத்துவர். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல மகாதேரரிடம் பௌத்தம் தழுவித் திரும்பிச் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அது மறு ஆண்டு 'தமிழன்' என்று பெயர் மாறி, 1914இல் அவர் மறையும் வரை அவர் கையாலேயே நடந்தது. பண்டிதரின் வரலாற்றுக் கொள்கைகள் அனைத்தையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அது வேறு செய்தி. குடியை விடுவது தனி மனிதன் வீட்டுக்குள் செய்துகொள்ளும் சபதம் என்று இராமல், பலர் கூடிய சபையில் ஒருவர் முன் ஒருவராக ஏற்கும் சீலம் என்று ஆனது அவருடைய சங்கத்தில்தான். நமக்கு வேண்டியது அது.

அச்சங்கம் மிக நன்றாக வேரூன்றிய இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல். இதனை இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கம் தோண்டினர். வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து பண்ணையடிமை வாழ்வை உதறிவிட்டு நம் முன்னோர் சாரிசாரியாக அங்கே சென்றனர். ஊரில் படியளந்த நெல்லுக்கு மாறாகக் கையில் காசு. பகலும் இரவும் முறைவைத்து வேலை. எந்நேரமும் பாறை வெடித்து உயிர்போகும் அச்சம். உறவும் பெரியோரும் இல்லாத தகரக் கொட்டகைக் குடியிருப்பு. கூலி கிடைக்கும் நாளில் வழியிலேயே கள்ளுக்கடையும் சாராயக்கடையும். இந்த வாழ்க்கையை நாம் எங்கோ பார்த்ததுபோல் இல்லையா? ஒரகடம் நாற்சாலையில் மாலை ஷிப்டு முடியும் நேரத்தில் நின்று பார்ப்பவர்க்கு விடை கிடைக்கும்.

அத்தகைய இடத்தில்தான் மாரிக்குப்பத்துத் தமிழ்ப் பௌத்தர்கள் சங்கம் கூட்டினர். வாரந்தோறும் கூடினர், சீலம் ஏற்றனர், சொற்பொழிவு கேட்டனர், பள்ளி நடத்தினர், பிறப்பு, திருமணம், இறப்புச் சடங்குகளைத் தம் முறைப்படி தாமே செய்துகொண்டனர். பண்டிதர் மறைந்த பின் அவருடைய நூல்கள் பல அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலையின் வழியாகவே அச்சேறின. அப்பாதுரையார் போன்ற பெருமக்கள் 'தமிழன்' இதழை அங்கிருந்து மீண்டும் நடத்தினர். குடித்துக் கிடக்கும் பொழுதைப் பிடுங்கிக்கொண்டு வெறுமனே விட்டால் அப்பொழுது மீண்டும் கடைக்கே இழுத்துச் செல்லும். அந்த மாலைப் பொழுதுக்கு ஒரு கூடமும், ஓர் இதழும், பெயர் சொல்லி அழைக்கும் நாலு பேரும் கொடுத்ததே சங்கத்தின் சிறப்பு. சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அங்கே படித்து முன்னேறிய குடும்பங்கள் இன்று எங்கெங்கோ இருக்கின்றன.

பின்னாளில், 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பேரறிஞர் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியபோது ஏற்பித்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தேன் என்பதும் ஒன்று. அதுவும் தனித்தனியாக அன்று, ஒரே திடலில் கூடி நின்று ஒரே குரலில் எடுத்த உறுதி.

இதற்கிடையில் அரசு என்ன செய்தது? சுருங்கச் சொன்னால், திறந்தது, மூடியது, மீண்டும் திறந்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தால் வெள்ளையர் அரசு கள்ளையும் சாராயத்தையும் வருவாய்க்கு உரிய பொருள்களாக்கியது. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் அது தளர்த்தப்பட்டது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 இறுதியில் சில்லறைக் கடைகளையும் அரசே ஏற்றது. 2016லும் 2017லும் 2023லும் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன. எனினும் 2023-24இல் மதுவினால் அரசுக்கு வந்த வருவாய் ரூ.45,000 கோடிக்கு மேல். எந்தக் கட்சியையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. கடை மூடுவதை நம்பி ஒருவன் குடியை விடக் காத்திருந்தால் அவன் வாழ்நாள் முழுதும் காத்திருக்க நேரும் என்பதற்கே இவ்வாண்டுகளைக் குறித்தோம்.

இனி அமெரிக்கர் செய்தி. 1840இல் பால்டிமோர் நகரில் ஆறு குடியர்கள் ஒரு மதுக்கடையில் அமர்ந்தே குடியை விடுவதென உறுதி பூண்டனர். வாஷிங்டனியர் என்னும் பெயரால் அவ்வியக்கம் சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோரை ஈர்த்தது. பின்னர் அரசியலிலும் பிற கிளர்ச்சிகளிலும் தலையிட்டு, பத்தாண்டு முடியுமுன் சிதைந்தது. 1935இல் ஆக்ரன் என்னும் ஊரில் பில் வில்சன் என்னும் பங்குத் தரகரும், டாக்டர் பாப் என்னும் அறுவை மருத்துவரும் சந்தித்தனர். இருவரும் குடிநோயாளர்கள். மருத்துவம் கைவிட்ட நிலையில், இன்னொரு குடிநோயாளருடன் மனம்விட்டுப் பேசும்போது தன் வேட்கை அடங்குவதை வில்சன் கண்டார். சாதுவன் கதைதான். அச்சந்திப்பிலிருந்து வளர்ந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பு. ஆக்ஸ்போர்டு குழு என்னும் கிறித்தவ இயக்கத்தின் மடியில் பிறந்த அது, விரைவில் எச்சமயத்தார்க்கும் இடம் தந்தது. தன்னிலும் மேலான ஓர் ஆற்றலை ஒவ்வொருவரும் தாம் உணரும் வண்ணம் ஏற்கலாம் என்று வைத்தது. கட்டணம் இல்லை, தலைவர் இல்லை, அரசியல் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே சேர்வதற்குத் தகுதி. பாதிக்கப்பட்டோரின் மனைவியர்க்கும் உறவினர்க்கும் 1951இல் அல்-அனான் என்னும் தனி அமைப்பு உண்டாயிற்று.

இதெல்லாம் வெறும் பக்தி என்று ஒதுக்குவோர் உண்டு. 2020இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 10,565 பேரைக் கொண்ட 27 ஆய்வுகளை ஒருசேரப் பரிசீலித்து, தொடர்ந்து குடியாதிருத்தலில் இம்முறையைச் சார்ந்த சிகிச்சை பிற உளவியல் முறைகளுக்கு ஈடாகவோ மேலாகவோ நிற்பதாகக் கண்டது. ஆகவே நம்பிக்கை உடையவரும் இல்லாதவரும் இதனைச் சற்று மதித்தே பேச வேண்டும்.

நம் தமிழகத்தில் இத்துறைக்கு வழிகாட்டியவர் சாந்தி இரங்கநாதன் அம்மையார். தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த அவர், துயரத்தில் முடங்காமல் 1980இல் சென்னையில் டி.டி. இரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ஆயினும் சென்னைக்கு வந்து மருத்துவமனையில் தங்க ஏழை உழவனால் இயலுமா? ஆகவே அந்நிறுவனம் ஊருக்கே சென்றது. இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில், ஊர்ப் பொது இடத்திலேயே, ஊர்ப் பெரியோர் துணையுடன் முகாம் நடத்திக் குடிநோயாளர்க்குச் சிகிச்சை தந்தது. அவ்வனுபவத்தை 1994இல் அம்மையார் வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். ஊரார் அறிய வீழ்ந்தவன் ஊரார் அறியவே எழுகிறான்; சிகிச்சை முடிந்து திரும்பிச் செல்லும் இடமும் சிகிச்சை பெற்ற இடமும் ஒன்றே. இதுவே அம்முறையின் நயம்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்ட நாள் தொட்டு, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் எனச் சிப்காட் வளாகங்கள் பரவின. ஏர் பிடித்த நிலங்கள் மதிற்சுவருக்குள் சென்றன. 2006இல் வந்த நோக்கியா 2014இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததையும் கண்டோம். நம்மிடம் பயின்று ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் பலர் இங்கே ஒப்பந்தத் தொழிலாளராக உள்ளனர். இரவு ஷிப்டு முடிந்து வந்தால் பகலில் உறக்கம் வராது. உறங்குவதற்காகக் குடித்தேன் என்று தொடங்குவான். குடிப்பதற்காக உறங்காமலிருக்கிறேன் என்று முடிப்பான். வாயிலில் மூச்சுச் சோதனையில் ஒருநாள் பிடிபட்டால், ஒப்பந்தக்காரர் மறுநாள் வரவேண்டாம் என்பார். அதற்கு நோட்டீசும் இல்லை, விசாரணையும் இல்லை.

இவ்வாறு வீழ்ந்து எழுந்தோர் சிலரை நாம் அறிவோம். பெயர் கூறோம். ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு ஜெபவீட்டில் முழங்காலிட்டு விட்டவர். இன்னொருவர் வாரம் இருமுறை பேருந்து ஏறிச் சென்னை சென்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் அமர்ந்தவர். மற்றொருவர் ஐயப்பனுக்கு மாலையிட்டபோது நிறுத்தி, மாலையைக் கழற்றிய பின்னும் தொடர்ந்தவர். வழி வேறாயினும் அவர்கள் கூறும் செய்திகள் வியக்கத்தக்க ஒற்றுமை உடையன. முதல் ஓராண்டு ஏ.டி.எம். அட்டையை மனைவியிடம் கொடுத்து வைத்தனர். சம்பள நாளன்று தனியே வீடு திரும்பவில்லை. உடன்வர ஒருவர் இருந்தார். கடை இருக்கும் சாலையைத் தவிர்த்து ஏரிக்கரை வழியே சுற்றி நடந்தனர். அடகு வைத்த தாலியை மீட்டது எந்த மாதம் என்று கேட்டால் தேதியோடு சொல்கின்றனர். பிள்ளைகள் மீண்டும் அருகில் வந்து உட்காரத்தான் நெடுநாள் ஆயிற்று என்றார் ஒருவர். குடி ஆறு மாதத்தில் விட்டதாம். பிள்ளையின் அச்சம் போக மூன்றாண்டு ஆயிற்றாம்.

மாலையிடும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல். 41 நாளோ 48 நாளோ விரதம் இருப்பவன் ஒரு சொட்டும் தொடுவதில்லை. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போவதும் உண்டு. ஆடி மாதத்தில் காப்புக் கட்டுபவனும், கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவனும் அவ்வாறே. இதனைக் கண்டு நகைப்பவர் ஒன்றை மறக்கின்றனர்: நாற்பது நாள் இருக்க முடிந்தவனுக்கு நாற்பத்தோராம் நாளும் முடியும். அவனுக்குக் குறைந்தது மன உறுதி அன்று. விரத நாள்களில் 'சாமி' என்று அழைத்து, சேர்ந்து பஜனை பாடி, சேர்ந்து உண்ட கூட்டம் மாலையோடு கலைந்துவிடுகிறது. குருசாமி அடுத்த கார்த்திகையில்தான் மீண்டும் கண்ணில் படுவார். கோலாரின் சங்கமோ, குடிநோயாளர் கூட்டமோ அடுத்த வாரமும் அவ்விடத்திலேயே கூடும். வேறுபாடு அவ்வளவே, ஆனால் அதுவே எல்லாம்.

நம்பிக்கையின் பெயரால் நேர்ந்த கொடுமைகளையும் மறைத்தல் ஆகாது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தோரை வைத்திருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்கிறது. குடியாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைக் கோளாறுகளும் அச்சட்டத்துள் அடங்கும். ஆகவே 'மறுவாழ்வு இல்லம்' என்று பலகை கண்டவுடன் தம்பியைக் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது. பதிவு உண்டா, மருத்துவர் வருகிறாரா, வீட்டார் பார்க்க விடுகின்றனரா, அடிக்கிறார்களா என்பவற்றை விசாரித்தல் வேண்டும்.

மருத்துவரை ஏன் கேட்கிறோம் எனின், நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும்; இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம்; இல்லாதது கண்ணுக்குத் தெரியும்; உயிரும் போகலாம். இதனைப் பேய் பிடித்ததாகக் கருதி வேப்பிலை அடித்துக் கிடத்துதல் பேரிடர். அந்த ஒரு வாரம் மருத்துவமனைக்கு உரியது. வேண்டுதல் அதன் பக்கத்தில் இருக்கட்டும். மேலும், 'குடிப்பவர்க்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் விளம்பரப் பொடிகளைக் குழம்பில் கலந்துகொடுக்கும் சகோதரிகளுக்குச் சொல்கிறோம்: அப்பொடியில் டைசல்பிராம் போன்ற மருந்து இருந்து, அவன் வெளியே சென்று குடித்தால், இதயம் தாங்காமல் போகக்கூடும். அவன் அறிந்து, அவன் இசைந்து, மருத்துவர் எழுதித் தர உண்ண வேண்டிய மருந்து அது.

காலம் தாழ்த்துவதற்கும் இனி இடமில்லை. 2023 மே மாதத்தில் மரக்காணம் பக்கத்திலும், நம் அண்டை மாவட்டமாகிய செங்கல்பட்டின் சித்தாமூர்ப் பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். இறந்தவர்களுள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், நம்மவர் பலர். மெத்தனால் ஆலைகளில் பயன்படும் பொருள் என்பதை, ஆலைகளின் நடுவே வாழும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் கல்விச் சங்கத்தின் கட்டிடத்தில் மாலைநேரப் பாடசாலை ஆறு நாள் நடைபெறுகிறது. ஞாயிறு மாலை கூடம் பூட்டிக் கிடக்கிறது. அம்மாலை ஆறு மணி முதல் ஏழரை மணி வரை குடிநோயாளர் கூட்டத்துக்கும், பின்கட்டு அறையை அவர்தம் மனைவியர் கூடுவதற்கும் விட்டுக்கொடுக்கலாம். எச்சமயத்தார் வரினும் தடையின்றி இருக்க வேண்டும். வருவோர் பெயரைப் பதிவேட்டில் எழுதக் கூடாது. மேற்குறித்த மூவருள் இருவர் வாரந்தோறும் வந்து அமர இசைந்துள்ளனர். மின்கட்டணமும் தேநீர்ச் செலவும் மாதம் எவ்வளவு ஆகும் என்று பொருளாளர் கணக்கிட்டு வருகிறார். தீர்மானம் வரும் பொதுக்குழுவில் வைக்கப்படும்.